பல்லில் கடித்துக் கேட்டவள்

அவளுக்கு வெட்கம் என்பதே கிடையாது என்று எங்கள் தெருவில் சொல்லாதவர்கள் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வாசல், அடுப்பு மட்டும் தனித்தனி. அவள் தன் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பேசினால் மாரியம்மன் கோயில் வரைக்கும் கேட்கும். பக்கத்து அடுப்பில் இருக்கிற எனக்குத்தான் கேட்காது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காதிலும் சீழ். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன்.

அவளுடைய குரலுக்கு ஊரில் காரணம் வைத்திருந்தார்கள். கல்வராயன் மலை அடிவாரத்தில் பிறந்தவள், ஓடைக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவர்களைக் கூப்பிட்டுப் பழகின தொண்டை என்பார் என் மாமியார். கல்யாணமாகி வந்த பிறகு சங்கராபுரம் ரோட்டில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கிற மிஷினில் வருஷக்கணக்காக வேலை பார்த்தாள், அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி வாய் அப்படி ஆகிவிட்டது என்பார் என் வீட்டுக்காரர். நான் இரண்டையுமே நம்பினேன்.

அவளோடு பஸ்ஸில் போவதைப் போல எனக்குக் கஷ்டமானது வேறு இல்லை. ஒரு முறை கண்டக்டர் என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை, சன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டு ஆள் தள்ளி நின்றிருந்த இவள், "இவளுக்குக் காது கேக்காது சார்! செவிடு! தொட்டுக் கேளுங்க!" என்று கத்தினாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதோடு விட்டாளா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளிடம், "செவிட்டுப் பொண்ணு நின்னுகினு வருது, கொஞ்சம் எந்திரிங்க" என்றாள்.

"காது கேக்காததுக்கும் நிக்கறதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

"சம்பந்தம் இருந்தா மட்டும் நீ எந்திரிச்சிடுவியா?"

சிரித்துக்கொண்டே அவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டார். இதெல்லாம் அவள் அப்புறம் வீட்டில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியதுதான். இறங்குகிற வரைக்கும் என் கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் காது முகாம் போட்டார்கள். என்னை இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான். டாக்டர் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, சீழ் வருகிற காதுக்குள் எதையும் சொருகக் கூடாது, எலும்பு வழியாகக் கேட்கிற மிஷின் தருகிறோம் என்றார். சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர். ஒயரின் முனையில் பெரிய பொத்தான் மாதிரி ஒன்று. தலைக்கு மேலே வளைந்து போகிற எஃகுப் பட்டை ஒன்று அந்தப் பொத்தானைக் காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பெட்டி வாங்குகிற சத்தத்தைப் பொத்தான் அதிர்ந்து அதிர்ந்து எலும்புக்குச் சொல்லும், எலும்பு உள்ளே சொல்லிவிடும் என்றார்கள்.

அதை வைத்ததும் யாரோ பெஞ்சை இழுக்கிற சத்தம் என் மண்டைக்குள்ளேயே கேட்டது. அடுத்தது அவள் குரல். "கேக்குதாடி?" அத்தனை வருஷமும் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்ட குரல் அது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மெதுவாக்கா" என்றேன். அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

முகாமில் நன்றாகக் கேட்டது, வீட்டுக்கு வந்ததும் கேட்கவில்லை. நான் அதைத் தெரிகிற மாதிரி போட்டுக்கொள்வேனா? பட்டையைக் கொண்டைக்குள் தள்ளி, அதன் மேலே பூ வைத்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். பெட்டியை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். யார் பேசினாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது. நடந்தால் காய்ந்த கரும்புச் சோகையில் மிதித்து நடப்பது மாதிரி சரசரவென்று ஒரே இரைச்சல். எதிராளி பேச்சு கேட்கவில்லையே என்று பெட்டியிலுள்ள சக்கரத்தைத் திருகி சத்தத்தைக் கூட்டினால் 'கூ'வென்று கத்தும். ஒரு நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுகிற நேரத்தில் அப்படிக் கத்திவிட்டது. எந்தப் பிள்ளை ஊதல் ஊதுகிறது என்று பெரியவர்கள் தேடினார்கள். நான் நெஞ்சில் கையை வைத்து அமுக்கிக்கொண்டேன். அமுக்க அமுக்க இன்னும் கத்தியது. வீட்டுக்கு வந்து அதை அவிழ்த்துத் துணிப்பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன்.

அவள் அதைத் தோண்டி எடுத்தாள். வாசலில் துவைக்கிற கல்லின் மேல் என்னை உட்கார வைத்தாள். பட்டப்பகல், பக்கத்திலேயே அடிபம்பு, தண்ணீருக்கு வந்த பெண்கள் எல்லாரும் நிற்கிறார்கள்.

"எலும்பு மேல படணும், எலும்பு மேல படணும்னு அங்க சொன்னாங்க இல்ல? நீ நடுவுல மயிரு, எண்ணெ, கனகாம்பரம் எல்லாம் வெச்சிக்கினு இருக்கற. தலவாணிய வெச்சிக் கதவத் தட்டினா உள்ள இருக்கறவனுக்குக் கேக்குமா?" என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தாள்.

பம்படியிலிருந்து ஒருத்தி, "புருசன் கல்லு மாதிரி இருக்கறப்பவே தலையில கத்திரி வெக்கறியே, அடுக்குமா?" என்றாள்.

"மொட்டையா போடறேன்? காதுக்குப் பின்னால ஒரு ரூவாக் காசு அளவு. உன் பார்வைக்கு மயிரு, இவளுக்குக் காது."

இந்தப் பேச்செல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடிபம்பின் கைப்பிடியைக்கூட யாரும் அசைக்கவில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி என் மடியில் கிடந்தது, சக்கரம் திருகினபடியே. தலை பின்னும்போது ஊசியைப் பல்லில் கடித்துக்கொள்வோமே, அது மாதிரி அவள் அந்தப் பொத்தானைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் என் முடியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் தலையைக் குனிந்து, மடியைப் பார்த்தபடி, "வேணாங்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். என் குரல் எப்போதும் எனக்கும் என் முந்தானைக்கும் மட்டும்தான் கேட்கும்.

கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

அவள் எனக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கை அசையவே இல்லை. பிறகு என் தோளைத் தட்டி, முன்னால் வந்து நின்று, பொத்தானைப் பல்லில் வைத்தபடியே, "இன்னா சொன்ன?" என்பது போல முகத்தைத் தூக்கினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து மறுபடியும் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினாள். மூன்றாவது முறையும் சொன்னேன், "வேணாங்கா, எல்லாரும் பாக்கறாங்க."

அவள் பின்னால் போய் முடியை வெட்டி முடித்தாள். அன்றைக்கு மதியம் வரைக்கும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு ஏதாவது காற்று கருப்பு அண்டிவிட்டதா என்று என் மாமியார் விபூதி எடுத்துக்கொண்டு வந்தார்.

முடி எடுத்த இடத்தில் பொத்தானை வைத்ததும் முகாமில் கேட்டது மாதிரியே கேட்டது. அதற்கு அப்புறம் என் மிஷினுக்கு அவள்தான் வைத்தியர். துணி உரசுகிற இரைச்சலுக்கு, தன் வீட்டுக்காரரின் பழைய காக்கிச் சட்டையிலிருந்து பையைப் பிரித்து என் ரவிக்கையின் மேலே, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் தைத்துவிட்டாள். பெட்டி அதற்குள் ஆடாமல் நின்றது, இரைச்சலும் நின்றது. வெளியில் இருப்பதால் சக்கரத்தைக் கொஞ்சமாகத் திருகினாலே போதும், கத்துவதும் நின்றது. ஆனால் மஞ்சள் ரவிக்கையில் காக்கிப் பை. கடைக்காரர் என்னைப் பார்த்து "ஏட்டம்மா, இன்னா வேணும்?" என்றார். நான் எதுவும் வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

எல்லா வைத்தியமும் பலித்தது என்று சொல்லமாட்டேன். பேட்டரிக் கட்டை உட்காருகிற இடத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்து, பேச்சு விட்டுவிட்டுக் கேட்டது. அவள் புளியைக் கரைத்துத் தேய்த்தாள். மிஷின் செத்தே போய்விட்டது. வெயிலில் காயவைத்து, தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தால் தேய்த்த பிறகுதான் உயிர் வந்தது. "பித்தளக் குண்டானுக்கு ஒத்துக்கினது இதுக்கு ஒத்துக்கல" என்று அதையும் தெருவில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் பொத்தானைப் பல்லில் கடித்துப் பார்ப்பாள். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு, "பேசுடி" என்பாள். பல்லில் நன்றாகக் கேட்டால் மிஷின் சரி, நான் தலையில் வைத்ததுதான் தப்பு. பல்லிலும் கரகரத்தால் ஒயரோ பேட்டரியோ. ஒயரை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்ப்பாள். எந்த இடத்தில் வளைத்தால் சத்தம் அறுகிறதோ அந்த இடத்தில் உள்ளே கம்பி விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். இதையெல்லாம் வீட்டுக்குள் செய்தால் பரவாயில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், ஜனங்களுக்கு நடுவில், வாயில் பொத்தான், காதில் விரல், கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

"பேசுடி!"

"இன்னா பேசறது?"

"எதனா பேசு. உன் மாமியாளத் திட்டு."

நான் பேசுவேன். அவள் கண்ணைத் திறக்கமாட்டாள். சோதித்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதுமே, இவள் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று எனக்கு அழுகையாக வரும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெரு பால்வாடிக்கு ஆயா வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். அஞ்சாவது படித்திருந்தால் போதும். எனக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறை உண்டாகிக் கலைந்துவிட்டது, அப்புறம் இல்லை. அந்த வேலை கிடைத்தால் காலையிலிருந்து மதியம் வரைக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வேறு எதையும் நான் வாழ்க்கையில் அப்படி ஆசைப்பட்டதில்லை. ஆனால் பம்படியில் பேச்சு வேறாக இருந்தது. "அழுதா கேக்காதவகிட்ட பிள்ளைய வுட்டுட்டு எப்படிக் கழனிக்குப் போறது?"

அந்த வேலைக்கு ஆளைப் பார்க்கக் கள்ளக்குறிச்சி ஆபீசுக்கு வரச் சொன்ன நாள் நெருங்கியபோது மறியல் தொடங்கிவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போன என் வீட்டுக்காரர் அங்கேயே டிராக்டரோடு மாட்டிக்கொண்டார். ஆபீஸ் இருக்கிறதோ இல்லையோ, நான் போகவில்லை என்றேன்.

"நடந்தா போச்சு. காலு நல்லாத்தான இருக்குது, காதுதான கேக்காது?" என்றாள் அவள்.

கிளம்பும்போது எங்களுக்குள் சண்டை. காக்கிப் பை தைத்த ரவிக்கையைப் போடமாட்டேன் என்று நான் அடம்பிடித்தேன். மிஷின் கண்ணில் பட்டால் செவிடு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். வேறு ரவிக்கை போட்டு, பெட்டியை உள்ளே வைத்து, பட்டையை மூடித் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டேன்.

"மறைச்சா கேக்காது. கேக்கலன்னா வேல இல்ல. தெரிஞ்சா வேல இல்லன்னு உனக்கு யாரு சொன்னது?" என்றாள். விடிந்ததும் நடக்க ஆரம்பித்தோம்.

பாதி வழியில் ஒரு பெரிய புளியமரம் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. கொம்புகளின் மேல் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கண்டதும் முந்தானையை இழுத்து இறுக்கிப் போர்த்தினேன். அவ்வளவுதான், உள்ளே பெட்டி 'கூ'வென்று கத்த ஆரம்பித்துவிட்டது.

கோடாலியோடு நின்ற ஓர் ஆள், "இன்னாம்மா அது சத்தம்? ஒயர்லெஸ்ஸா? போலீசுக்கு சேதி சொல்றியா?" என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். இன்னொருத்தர், "ரேடியோவா இருக்கும்பா. மெட்ராசுல இன்னா சொல்றாங்கன்னு கேளு" என்றார். அது என்ன என்று காட்ட வேண்டுமென்றால் ரவிக்கைக்குள்ளிருந்து எடுக்க வேண்டும்.

"எல்லாரும் அந்தாண்ட திரும்புங்கடா!" என்று அவள் ஓர் அதட்டல் போட்டாள். மரத்தை வெட்டிச் சாய்த்த அத்தனை ஆம்பிளைகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி மலைப் பக்கமாகத் திரும்பி நின்றார்கள். நான் பெட்டியை வெளியே எடுத்தேன்.

"ரேடியோ இல்லப்பா. இது இவ காது" என்று சொல்லி, பொத்தானை முந்தானையில் துடைத்து அந்தக் கோடாலிக்காரரிடம் நீட்டினாள். "பல்லுல கடி. கடிச்சிக்கினு காத அடைச்சிக்கோ."

அவர் கடித்தார். இவள் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, "உங்க போராட்டம் ஜெயிக்கட்டும், எங்களுக்கு வழி வுடு" என்றாள். அவருக்குக் கண் இரண்டும் விரிந்துவிட்டது. "மண்டைக்குள்ள பேசறாங்கடா!" என்றார். உடனே எனக்குக் கொடு உனக்குக் கொடு என்று ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். அத்தனை ஆம்பிளைகளின் வாய்க்கும் என் பொத்தான் போய் வந்தது. ரோடு பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று நின்றேன்.

ஒருவழியாக அது திரும்பி வந்ததும், அவள் தன் இடுப்பிலிருந்த வெற்றிலைச் சுருக்குப்பையைக் காலி செய்து, பெட்டியை அதற்குள் வைத்து, வாயைத் திறந்தபடியே என் கழுத்தில் மாட்டிவிட்டாள். புகையிலை வாசனையோடு அது என் நெஞ்சின் மேல் தொங்கியது. காற்று, இலை, பேச்சு எல்லாம் தெளிவாகக் கேட்டது.

அவள் அந்த ஆண்களுக்கு மிஷினைப் பற்றி இன்னும் விளக்கிக்கொண்டிருந்தாள். அப்போது எனக்கு வேறொரு சத்தம் கேட்டது. பின்னால், திருப்பத்துக்கு அந்தப் பக்கம், கனமான வண்டிகள். "வண்டி வருதுடா! ஓடுங்க!" என்று எங்கோ ஒருவன் கத்தினான். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆட்கள் கழனிப் பக்கம் சிதறினார்கள். அவள் மட்டும் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒயரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே, யார் எங்கே ஓடுகிறார்கள் என்று விழித்தபடி நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக் கரும்புக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

கரும்பு மறைவில் மூச்சு வாங்கியபடி, "இன்னாடி? இன்னாத்துக்கு ஓடறாங்க?" என்றாள்.

"வண்டி வருதுக்கா. கத்தினாங்களே."

"ஆமா, ஆமா. நானும் கேட்டேன்."

அவள் கேட்கவில்லை. அவளும் நானும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம். அவள் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தபோது என் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரைக்கும் என்னை நினைத்துத்தான் தலையைக் குனிந்திருக்கிறேன். அன்றைக்கு அவளுக்காகக் குனிந்தேன். அடிபம்பு, கத்தரிக்கோல், பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. மலையும் இல்லை, மல்லாட்டை மிஷினில் கத்திப் பழகின வாயும் இல்லை. அந்த மிஷின் இரைச்சல் அவள் காதைத் தின்றிருக்கிறது. தன் குரல் தனக்குக் கேட்கத்தான் அவள் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். போலீஸ் வண்டிகள் மரம் அகற்ற நின்றுவிட்டன. நாங்கள் வரப்போரமாகவே நடந்து டவுனுக்குப் போனோம்.

ஆபீசில் ஆள் இருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து நடந்து வந்த இரண்டு மூன்று பெண்களும் இருந்தார்கள். அக்கா வெளி வராண்டாவில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அதிகாரியம்மா என் கழுத்துச் சுருக்குப்பையைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், தலைப்பட்டையைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"காது மிஷினுங்க."

"இதைக் கழட்டிட்டா கேக்குமா?"

"கேக்காதுங்க."

அவர் எழுந்து என் பின்னால் போனார். அங்கிருந்து மெதுவாக, "உங்க தெருவுல சின்னப் பிள்ளைங்க எத்தனை பேரு?" என்றார். யார் யார் வீட்டில் எத்தனை என்று சொன்னேன். "குழந்தை அழுதா என்ன செய்வீங்க?" என்றார். தூக்குவேன் என்றேன். அவர் சிரித்த சத்தம் கேட்டது.

நாற்காலிக்குத் திரும்பிப் போகிற வழியில், "கூட வந்தவங்க யாரு? அவங்களைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, தானே வாசலைப் பார்த்து, "ஏம்மா, உள்ள வாங்க" என்றார். அக்கா திரும்பவில்லை. "அம்மா! உங்களைத்தான்!" பியூனும் கூப்பிட்டார். அவள் முதுகு அசையவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, அவங்களுக்கும் கேக்காதா?" என்றார் அதிகாரியம்மா. சுவரோரம் நின்ற பெண்களில் ஒருத்தி, "ஒரே வூட்டுல ரெண்டா!" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"அவங்களுக்கு நல்லா கேக்கும்ங்க!" என்றேன். எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று எனக்குத் தெரியாது. "விடியகாலையிலருந்து நடந்து வந்த அசதிங்க. எங்க வூட்டுல செவிடு நான் ஒருத்திதாங்க."

அந்த வார்த்தையை நான் என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காது மடல் சுட்டது.

நான் போய்த் தோளைத் தொட்டதும் அக்கா உள்ளே வந்தாள். எல்லார் முகத்தையும் பார்த்தாள். "இன்னா மேடம், இவளுக்கு வேல இல்லன்றீங்களா? எங்கெங்க மரம் வுழுந்து கிடக்குது தெரியுமா?" என்று சுவர் அதிரக் கேட்டாள்.

அதிகாரியம்மா காதைத் தேய்த்துக்கொண்டு, "மெதுவாப் பேசுங்கம்மா, இங்க எல்லாருக்கும் காது கேக்கும்" என்றார். பிறகு என்னிடம், "தினமும் இதை இப்படியே, வெளியில தெரியற மாதிரி போட்டுக்கிட்டு வருவீங்களா?" என்றார்.

"வருவேங்க" என்றேன்.

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். பிள்ளைகள் என் ஒயரைக் கண்டு பயப்படவில்லை. என் மடிக்கு வந்து, பெட்டியை வாய்க்கு நேரே இழுத்து வைத்துக்கொண்டு பேசப் பழகிக்கொண்டார்கள்.

மறுபடி ஒரு முகாம் வந்தது. "நீயும் ஒரு தபா காட்டிக்கோயேன் அக்கா" என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு இன்னாடி கொற?" என்றாள். "நீ செவிடுன்னா ஊரே செவிடா?" பிறகு பல நாள் என் அடுப்புப் பக்கம் திரும்பவில்லை. ஊருக்கெல்லாம் என் காதைப் பறையடித்தவள், தன் காதை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்திருந்தாள் பாருங்கள். நான் ரவிக்கைக்குள் வைத்ததாவது அவ்வப்போது கத்தும்.

அதற்குப் பிறகு என் மிஷினில் கோளாறு இல்லாத நாளே இல்லை. காலையில் பால்வாடிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவளைக் கூப்பிடுவேன். "அக்கா, கரகரங்குது." "அக்கா, தண்ணி பூந்த மாதிரி இருக்குது." "அக்கா, ஒயரு வுட்டுப்போச்சு போல." அவள் அடுப்பை விட்டு வருவாள். பொத்தானை முந்தானையில் துடைத்துப் பல்லில் கடித்துக்கொள்வாள். காதை அடைத்து, கண்ணை மூடிக்கொள்வாள்.

"பேசுடி."

நான் பேசுவேன். நேற்று எந்தப் பிள்ளை சோறு தின்னாமல் அழுதது, யாரை யார் கடித்துவிட்டார்கள், என் மாமியார் அவளைப் பற்றி என்ன சொன்னார், நான் அதற்கு என்ன சொல்லவில்லை. ஊரிலேயே மெதுவாகப் பேசுகிறவள் நான். அவள் பொத்தானைக் கடித்தபடி "ம், ம்" என்பாள். சிரிக்கிற இடத்தில் சிரிப்பாள். பேசி முடித்ததும், "மிஷினு சரியாத்தான் இருக்குது. நீதான் எண்ணெ ஜாஸ்தி வெக்கற" என்று கொடுத்துவிட்டுப் போவாள். இதை நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அந்த மிஷின் போய் வேறு மிஷின் வந்த பிறகும் இப்படித்தான்.

ஒரு நாள் காலையில் எனக்கு அவசரம். சத்துமாவு வண்டி வருகிறது என்று சொல்லியிருந்தார்கள். அவள் தானாகவே வந்து என் வாசப்படியில் நின்று, "இன்னிக்கு இன்னாடி ரிப்பேரு?" என்றாள்.

நான் யோசிக்காமல், "ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டேன்.

அவள் போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, அவளிடமிருந்து நான் அதற்கு முன்னால் கேட்டிராத ஒரு சின்னக் குரலில், "நல்லாப் பாத்தியா?" என்றாள்.

நான் தலையிலிருந்து பட்டையைக் கழற்றினேன்.

"இல்லக்கா," என்றேன், "கொஞ்சம் கரகரங்குது."